மார்கழிப் பிள்ளைக்கு எத்தனை சட்டை?

போன மார்கழியில் ஒரு நாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. கோயில் ஒலிபெருக்கி அப்போதுதான் கரகரக்கத் தொடங்கியிருந்தது. தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போறியா? புள்ள ஒரு மணி நேரமா அழுகுது. பாலும் குடிக்க மாட்டேங்குது. கூதலு ஒத்துக்கலையோ என்னமோ, பயமா இருக்கு."

ஒரே தெருதான். சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன். கன்னிவாடியில் மார்கழி விடியல் எப்படியிருக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஊர் இருப்பது மலையடிவாரத்தில். மேலே பன்றிமலை, ஆடலூர். இரவெல்லாம் அங்கே குளிர்ந்த காற்று விடியும் நேரத்தில் சரிவில் இறங்கி வந்து தெருவில் உட்கார்ந்துகொள்ளும். கொடைக்கானல் குளிர் இல்லைதான். ஆனாலும் வருஷத்தில் ஒன்பது மாதம் வெயிலில் காய்ந்த உடம்புக்கு 20 டிகிரியே குளிர்தானே.

உள்ளே போனால் ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தது. நடுவில் கட்டில். சுற்றி ஆறு பேர். கட்டிலில் பொட்டலம் மாதிரி ஒன்று. அதுதான் பிள்ளை. பிறந்து ஒன்பதாவது நாள்.

பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே ரோமக் கம்பளிப் போர்வை. உள்ளே ஒரு பூத்துவாலை. அதற்குள் ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டருக்குள் இன்னொரு ஸ்வெட்டர். அதற்குள் ஜப்லா. தலையில் குரங்குக் குல்லா, கையில் உறை, காலில் சாக்ஸ். பின் கழுத்தில் விரலை வைத்தேன். ஈரம். நெஞ்சு கொதிக்கிறது. முகம் செக்கச் செவேலென்று இருக்கிறது.

"இது கூதல்ல அழுகல. வெந்து போய் அழுகுது" என்றேன்.

தங்கையின் மாமியாருக்குக் கோபம். "பச்ச உடம்பு. மார்கழியில துணியைக் கழட்டச் சொல்றியே, நல்லாருக்கா?"

"ரெண்டை மட்டும் கழட்டுறேன் அத்தே. அஞ்சு நிமிசம் பாப்போம்."

கம்பளி, ஒரு ஸ்வெட்டர், கையுறை மூன்றும் கட்டிலின் ஓரத்துக்குப் போயின. ஆறு பேரில் நான்கு பேர் வெளியே போனார்கள். கழுத்து வியர்வையைத் துடைத்து, பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை விசும்பியது. பிறகு பால் குடிக்க ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டது.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையுறையை மடித்து அலமாரியில் வைத்தவர் அவர்தான்.

இன்னொரு விடியல்

அன்று காலை நான் ஏதோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி நடந்துகொண்டேன் அல்லவா? அந்தப் பாடத்தை நான் கற்றது என் மூத்தவனிடம். அவன் பிறந்தது தை மாதத்தில். 28 வருஷம் ஆகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அடுத்த நாள் விடிகாலையிலேயே தலைக்கு ஊற்றினார்கள். தண்ணீர் சுடுதண்ணீர்தான். ஆனால் குளிப்பாட்டிய இடம் கொல்லைப்புறம். மேலே கூரை கிடையாது. எண்ணெய் தேய்த்து, உருவி, ஊற்றி, துடைத்து, சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்து முடிக்க அரை மணி நேரம். அத்தனை நேரமும் பிள்ளைமேல் துணி இல்லை.

குளித்தவன் தூங்கினான். தூங்கினான், தூங்கினான், தூங்கிக்கொண்டே இருந்தான். "குளிச்ச அசதி, நல்லாத் தூங்கட்டும்" என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லாதவள் நான்.

பத்து மணிக்குக் கிராமச் செவிலியர் வந்தார். "புள்ள எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவன் உள்ளங்காலைத் தொட்டார். அடுத்து வயிற்றைத் தொட்டார். முகம் மாறிவிட்டது.

"எத்தனை மணிக்குப் பால் குடிச்சான்?"

"விடியக்காலம், குளிக்கிறதுக்கு முன்னாடி."

வேறு பேச்சே இல்லை. அவன் சட்டையைக் கழற்றினார். என் ரவிக்கைக் கொக்கியை அவிழ்க்கச் சொன்னார். குல்லாவோடும் கட்டுத்துணியோடும் அவனை என் நெஞ்சின் மேல் குப்புறப் படுக்க வைத்து, எங்கள் இருவரையும் சேர்த்துப் போர்த்திவிட்டார். என் நெஞ்சின் மேல் ஒரு ஈரத் துணியை வைத்த மாதிரி இருந்தது. அந்தச் சில்லிப்பு இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவன் வாயைச் சப்புக்கொட்டினான். அதற்குப் பிறகுதான் அந்தச் செவிலியர் உட்கார்ந்தார்.

போகும்போது ஒன்று சொன்னார். "அழுகுற புள்ளைக்குப் பயப்படாதேம்மா. அழாம, பாலுங் கேக்காம, சில்லுனு கெடக்குற புள்ளைக்குத்தான் பயப்படணும்."

இந்த வாரப் பத்தி முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான்.

நடுங்கத் தெரியாத உடம்பு

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கும். நடுங்கினால் சூடு பிறக்கும். பிறந்த குழந்தைக்கு அந்த நடுக்கம் கிடையாது. அதற்குப் பதிலாக இயற்கை ஒரு சேமிப்புக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. கழுத்தைச் சுற்றியும், தோள்பட்டைகளுக்கு நடுவிலும், சிறுநீரகத்தை ஒட்டியும் கொஞ்சம் பழுப்பு நிறக் கொழுப்பு. குளிர்ந்தால் அதை எரித்துத்தான் குழந்தை சூடேற்றிக்கொள்ளும். அது எரிய ஆக்சிஜனும் சர்க்கரையும் வேண்டும். குளிர் நீடித்தால் இரண்டும் கரையும். சர்க்கரை குறைந்தால் சோர்வு. சோர்ந்தால் பால் குடிக்காது. பால் குடிக்காவிட்டால் மேலும் குளிரும். என் பிள்ளை "அசதியாகத் தூங்கிய" கதை இதுதான். குறைமாதப் பிள்ளைகளுக்கு அந்தச் சேமிப்பே குறைவு. அதனால் ஆபத்து அவர்களுக்கு இன்னும் அதிகம்.

இன்னொன்று, எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு மிக அதிகம். தலையோ உடம்பில் பெரிய பங்கு. டம்ளரில் ஊற்றிய காபியைவிட டபராவில் ஊற்றிய காபி சீக்கிரம் ஆறும் இல்லையா? அதே கணக்குதான்.

சூடு வெளியேற நான்கு வழிகள். ஈரமாக இருந்தால் அந்த ஈரம் காயும்போது சூட்டைக் கொண்டு போகும். சில்லென்ற தரையிலோ ரெக்சின் விரிப்பிலோ படுத்தால் சூடு அதற்கு இறங்கும். ஃபேன் காற்றும் ஜன்னல் காற்றும் மேலே பட்டு எடுத்துப் போகும். குளிர்ந்த சுவரை ஒட்டிப் படுக்க வைத்தால், சுவரைத் தொடாமலேயே சூடு அங்கே போய்ச் சேரும். சட்டை இவற்றில் சிலவற்றைத்தான் தடுக்கும். ஈரத் துணியை மாற்றாமல் மேலே நான்கு ஸ்வெட்டர் போட்டுப் பயனில்லை.

சூடு என்பது குழந்தைக்கு மருந்து மாதிரி என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவே நாளாயிற்று. 1958-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் சில்வர்மேனும் அவருடைய குழுவினரும் குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை வழக்கமான சூட்டிலும், மற்றவர்களை ஏறக்குறைய 3 டிகிரி கூடுதலான சூட்டிலும் இன்குபேட்டரில் வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் வெறும் 3 டிகிரிதான். கூடுதல் சூட்டில் இருந்த குழந்தைகள் தெளிவாக அதிக எண்ணிக்கையில் பிழைத்தார்கள்.

வயிறும் பாதமும் சொல்லும்

"எத்தனை துணி போடணும்?" என்று என்னிடம் கேட்காத இளம் அம்மா கிடையாது. பொதுக் கணக்கு ஒன்று உண்டு. அந்த அறையில் உங்களுக்கு எத்தனை அடுக்கு துணி போதுமோ, அதைவிட ஒன்று கூட. எடை குறைந்த பிள்ளைக்கும், பிறந்த முதல் சில நாட்களிலும் இரண்டு கூடப் போகலாம். ஆனால் இது தொடக்கப் புள்ளிதான். சரியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டியது குழந்தையிடம்.

உங்கள் புறங்கையால் முதலில் வயிற்றைத் தொடுங்கள். அடுத்து உள்ளங்காலைத் தொடுங்கள்.

இரண்டும் இளஞ்சூடாக, நல்ல நிறத்தோடு இருந்தால் போட்டிருக்கும் துணி போதும். கை வைக்காதீர்கள்.

வயிறு சூடாக, பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் முதல் எச்சரிக்கை. சூட்டைக் காப்பாற்ற உடம்பு பாடுபடத் தொடங்கிவிட்டது. ஈரமா என்று பாருங்கள். ஒரு அடுக்கு கூட்டுங்கள். சாக்ஸ், குல்லா போடுங்கள். நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பாருங்கள்.

வயிறும் பாதமும் இரண்டுமே சில்லென்று இருந்தால் அது ஆபத்து. உடனே தோலோடு தோலாக அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

பின் கழுத்தில் வியர்வை, நெஞ்சு அனல், முகம் சிவப்பு என்றால் துணி அதிகம். ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் சூடு குறையவில்லை என்றால் அது காய்ச்சலாக இருக்கலாம். பிறந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் கூடாது, டாக்டரிடம்தான்.

உள்ளங்கையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நல்ல சூட்டில் இருக்கும் பிள்ளைக்கும் கை சற்றுக் குளிர்ந்துதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் பாதி வீடுகளில் இரண்டாவது ஸ்வெட்டர் ஏறுகிறது.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்குளில் வைத்துப் பார்த்தால் 36.5-இலிருந்து 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரியான சூடு. ஃபாரன்ஹீட்டில் 97.7-இலிருந்து 99.5.

நாளுக்குள் நான்கு பருவம்

நம் சமவெளியில் இன்னொரு சிக்கல் உண்டு. விடியலில் 20 டிகிரி என்றால் அதே நாள் மத்தியானம் 28, 30 என்று போகும். காலையில் போட்ட உடுப்போடு மத்தியானம் வரை விட்டால் பிள்ளை வேகும். ஆகவே நம் ஊருக்குத் தடித்த ஒரே உடுப்பு உதவாது. கழற்றவும் மாட்டவும் வசதியான மெல்லிய அடுக்குகள்தான் சரி.

விடியற்காலையும் இரவும்: உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை. அதன்மேல் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும். காலுக்குச் சாக்ஸ். மேலே ஒரு பருத்தித் துணியால் தளர்வான சுற்று. வாடைக் காற்று அடிக்கும் நாளில் அந்த முழுக்கைச் சட்டைமேல் ஒரே ஒரு மெல்லிய ஸ்வெட்டர்.

மத்தியானம்: ஒரு பருத்திச் சட்டை, கட்டுத்துணி. அது போதும்.

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் முதல் வேலையாக ஒரு அடுக்கு கூட்டுங்கள். மலையடிவார ஊர்களில் சூரியன் மலைக்குப் பின்னால் போன உடனே குளிர் இறங்கிவிடும். நம் கடிகாரத்தை நம்பக் கூடாது.

கம்பளி நேராகத் தோலில் படக் கூடாது. அரிக்கும், சிவக்கும். உள்ளே எப்போதும் பருத்தி. ஊக்கு வேண்டாம். கழுத்தில் கட்டும் நாடா வேண்டாம். கையுறை போட்டே ஆக வேண்டும் என்றால் உள்பக்கம் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூலைக் கத்தரித்துவிடுங்கள். அந்த நூல் விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டால் விரல் வீங்கும், பிள்ளை எதற்கு அழுகிறது என்றே தெரியாது.

புதுத் துணியைவிடப் பலமுறை துவைத்த பழந்துணி மேல். பிறக்கும் முன்னே புதுச்சட்டை வாங்கக் கூடாது, முதல் உடுப்பு வேறொரு பிள்ளை போட்டு வளர்ந்த சட்டையாக இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா? காரணம் எதுவாக இருந்தாலும் பலன் நல்லதுதான். துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன துணி அது. நல்ல வெயிலில் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பீரோ ஸ்வெட்டர், ஜாக்கிரதை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழி வந்ததும் பீரோவைத் திறந்து, மூத்த பிள்ளையின் ஸ்வெட்டரை எடுப்போம். குப்பென்று பாச்சை உருண்டை வாசம். ஒரு உதறு உதறிச் சின்னதற்கு மாட்டிவிடுவோம்.

வேண்டாம். பாச்சை உருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாஃப்தலின். உடம்பில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியே ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். இந்தக் குறைபாடு நம் நாட்டில் அபூர்வம் இல்லை. இருப்பது பல வீடுகளில் தெரியாது. ஆகவே பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியை, துவைத்திருந்தாலும், பிறந்த பிள்ளைக்குப் போடாதிருப்பதே நல்லது. பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம்.

குல்லா எப்போது, எப்போது வேண்டாம்

பிறந்த உடனே, வெளியே தூக்கிப் போகும்போது, குளித்து முடித்ததும், குளிரும் விடியலில் குல்லா அவசியம். பெரிய பங்கு சூடு தலை வழியாகப் போவதால் அந்தக் குல்லா ஒரு ஸ்வெட்டருக்குச் சமம். ஆனால் அறை கதகதப்பாக இருக்கும்போது, பிள்ளை தூங்கும்போது, கழற்றிவிடுங்கள். சூடு மிஞ்சினால் அதை வெளியே விடவும் குழந்தைக்கு இருக்கும் முக்கிய வாசல் தலைதான். தூக்கத்தில் நழுவி மூக்கை மூடிக்கொள்ளும் பயமும் உண்டு. குரங்குக் குல்லா பெரியவர்களுக்கு. பிள்ளைக்குக் காதை மூடும் மெல்லிய பருத்திக் குல்லா போதும். தாடையில் கட்டும் நாடா இல்லாததாகப் பாருங்கள்.

குளியல்

பிறந்து 24 மணி நேரமாவது கழித்துத்தான் முதல் குளியல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறைந்த பிள்ளைக்கு டாக்டர் சொல்லும் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுத்தாலே போதும்.

மார்கழியிலும் தையிலும் குளியலை வெயில் ஏறிய பிறகு, பதினோரு மணிவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் வேண்டாம், கதவு சாத்திய அறைக்குள். துவாலை, சட்டை, குல்லா எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும். ஐந்து நிமிஷத்தில் முடியுங்கள். முதலில் தலையைத் துவட்டுங்கள். நனைந்த துவாலையிலேயே சுற்றி வைக்காதீர்கள், உலர்ந்த துணிக்கு மாற்றுங்கள். உடனே பால்.

சாம்பிராணிப் புகை வேண்டாம் என்றால் பாட்டிகளுக்கு மனசு கஷ்டப்படும். தெரியும். ஆனால் அந்தச் சின்ன நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. தலை காய நல்ல துவாலையே போதும். குளிருக்கென்று மூடிய அறையில் கரியடுப்போ கங்குச் சட்டியோ வைப்பது அதைவிட மோசம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே குடும்பத்தையே கொண்டுபோகும்.

தொட்டிலும் கட்டும்

சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை நைந்து மெத்தென்று ஆனதும் அதைத் தொட்டிலுக்கு எடுத்து வைக்கும் வீடுகள் இங்கே உண்டு. சேலைத் தொட்டில் கோடைக்கு அருமை. கீழேயும் காற்று போகும். அதே காரணத்தால் மார்கழியில் முதுகுப் பக்கம் குளிரும். மேலே போர்த்துவதைவிட, கீழே ஒரு பருத்தித் துணியை நான்காக மடித்துப் போடுங்கள். சேலை முகத்தில் கவிழாதபடி விரித்துப் பிடிக்கும் கட்டையைச் செருகுங்கள். மேலே துணியைப் போட்டு மூடாதீர்கள்.

எங்கே தூங்கினாலும் மல்லாக்கத்தான். போர்வை நெஞ்சுக்கு மேலே ஏறக் கூடாது. பெரியவர்களின் கனத்த போர்வைக்குள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். சுற்றியும் தலையணை அணைகட்ட வேண்டாம்.

துணியில் சுற்றும்போது நெஞ்சுப் பக்கம் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள். பிள்ளையின் கால் தவளைக் கால் மாதிரி மடங்கி விரிந்திருப்பதுதான் இயல்பு. நீட்டிக் கட்டினால் இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போகலாம். ஜப்பானில் 1975-இல் இதைச் சொல்லியே ஒரு பிரச்சாரம் நடத்தினார்கள். கால்களை நீட்டிக் கட்டும் வழக்கம் குறைந்தது. பிறந்த பிள்ளைகளிடம் இடுப்பு மூட்டு விலகலும் வெகுவாகக் குறைந்தது.

பெட்டியில் வரும் சட்டை

ஒரு நாட்டில் பிள்ளைக்கு முதல் உடுப்பை அரசாங்கமே கொடுக்கிறது என்று எங்கோ படித்து ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். பின்லாந்தில் அது 1938-இல் வசதி குறைந்த தாய்மார்களுக்காகத் தொடங்கி, 1949-இலிருந்து எல்லோருக்கும் ஆனது. உடுப்பு, போர்வை, படுக்கை என்று எல்லாம் வந்த அட்டைப் பெட்டியே பிள்ளைக்கு முதல் தொட்டிலாகவும் ஆகும். நம் தமிழ்நாட்டிலும் 2015-இல் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள் கொண்ட அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் வந்தது. துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று எல்லாம் அதில் உண்டு. எங்கள் தெருவில் அந்த உடையில்தான் எத்தனையோ பிள்ளைகள் வீடு வந்தன.

ஆனால் எந்தப் பெட்டியிலும் வைத்துக் கொடுக்க முடியாத உடுப்பு ஒன்று இருக்கிறது.

முதல் ஸ்வெட்டர்

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு மருத்துவமனை. குறைமாதப் பிள்ளைகள் நிறைய. இன்குபேட்டர் போதவில்லை. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் பிள்ளைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டச் சொன்னார். ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவரும் பிறகு சேர்ந்துகொண்டார். குட்டியைப் பையில் சுமக்கும் கங்காருவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வசதி இல்லாத இடத்தில் பிறந்த யோசனை, இன்று வசதியான ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. நம் நாடு உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. எடை மிகக் குறைந்த பிள்ளைகளைப் பிறந்த உடனே இப்படி அணைத்து வைத்ததில், நிலை சீரான பிறகு அணைத்ததைவிட முதல் 28 நாள் மரணம் 25 சதவீதம் குறைந்தது.

28 வருஷத்துக்கு முன் ஒரு கிராமச் செவிலியர் என் ரவிக்கைக் கொக்கியை அவிழ்க்கச் சொன்னதற்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது.

செய்வது எளிது. பிள்ளைக்குக் குல்லா, கட்டுத்துணி, சாக்ஸ் மட்டும். உங்கள் வெறும் நெஞ்சில் நிமிர்ந்த வாக்கில் படுக்க வையுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கு தெரிய வேண்டும். மேலே சேலையாலோ துணியாலோ சேர்த்துக் கட்டிப் போர்த்துங்கள். அம்மாவுக்கு அசதியா? அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். அணைத்திருப்பவர் கண் அயரக் கூடாது, அவ்வளவுதான்.

எப்போது ஓட வேண்டும்

பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், வயிறும் பாதமும் சில்லிட்டிருந்தால், நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போனால், வலிப்பு வந்தால், மஞ்சள் ஏறினால், சூடு 35.5-க்குக் கீழே போனாலோ 37.5-க்கு மேல் நின்றாலோ காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியிலும் பிள்ளை உங்கள் நெஞ்சோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு காற்றில் போக வேண்டாம்.

இத்தனையும் எழுதிவிட்டு நேற்றுத் தங்கை வீட்டுக்குப் போனேன். பேத்திக்கு இப்போது ஒரு வயது ஆகப்போகிறது. இந்த வருஷக் கூதலும் வந்துவிட்டது. வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் எதிர்வீட்டுக்காரியின் பிறந்த பிள்ளை. சுற்றிலும் மூன்று இளம் பெண்கள்.

"மொதல்ல வகுத்தைத் தொட்டுப் பாரு. அப்புறம் உள்ளங்காலு. கையைத் தொட்டுட்டு ஓடி வராத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "என்ன, சரியாத்தானே சொல்றேன்?" என்றார்.

"சரிதான் அத்தே" என்றேன்.